மச்சான் இறங்கிவிட்டார்

சைக்கிளில் ஏறத் தெரியாதவர்களை எனக்குத் தெரியும். ஏறிய வேகத்தில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவர்களையும் தெரியும். நன்றாக ஏறி, நன்றாக மிதித்து, காற்றாய்ப் போய்க்கொண்டிருக்கும்போது எதிரில் யாராவது வந்தால் பொத்தென்று இறங்கிவிடுகிற மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்தேன். அவர் எனக்கு மச்சானாக வாய்த்தார். என் அக்காவைக் கட்டியவர். போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் அவரைப் பற்றி எழுத உட்காரும்போதே எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

துரையைக் கண்டால் இறங்குவது எல்லோரும் செய்ததுதான். அந்தக் காலத்தில் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் அது எழுதாத சட்டம். துரையோ பெரிய கங்காணியோ எதிரில் வந்தால் குடையை மடக்க வேண்டும், தலைத்துண்டை எடுக்க வேண்டும். சைக்கிள் வைத்திருக்கிற பாக்கியவான் எவனாவது இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சரி, போகட்டும், ஊர் வழக்கம். என் மச்சான் அதோடு நிறுத்தினாரா? கொழுந்துக் கூடையோடு வரும் பெண்களுக்கு இறங்குவார். விறகுக் கட்டுச் சுமக்கும் கிழவிக்கு இறங்குவார். பாதிரியாருக்கும் பன்சலைப் புத்த சாமியாருக்கும் ஒரே மாதிரி இறங்குவார். பிணம் போனால் இறங்குவார், மாப்பிள்ளை ஊர்வலம் வந்தாலும் இறங்குவார். கக்கூஸ் வாளி தூக்குகிறவர் வந்தால் பதுளைக் கடைத்தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகும். இவர் சைக்கிளை விட்டு இறங்கி நின்று, "என்னண்ணே, சொகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி ஏறுவார்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி எறங்குறீங்களே மச்சான், இது என்ன கூத்து?" என்று நான் கேட்பேன்.

"உக்காந்துக்கிட்டே ஒருத்தரைத் தாண்டிப் போறது நல்லாவா இருக்கு மாப்ளே?" என்பார். அவ்வளவுதான் பதில். இந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டே என் ஆயுளில் பாதியைத் தின்றுவிட்டார் மனிதர்.

எங்கள் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து பதுளையில் துணிக்கடை போட்டவர். மச்சான் மடுல்சீமைத் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கிற லயத்தில் பிறந்து, லுணுகலையில் தையல் படித்தவர். அவர் தைத்த கோட்டு ஒன்றைப் பார்த்துவிட்டு அப்பா ஆளைத் தேடிப் பிடித்துக் கடை வாசலில் மெஷின் போட்டுக் கொடுத்தார். பிறகு பெண்ணையும் கொடுத்தார். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு துரையிடமிருந்து கனத்த சைக்கிள் ஒன்றை வாங்கியும் கொடுத்தார். தோட்டம் தோட்டமாகப் போய்க் கங்காணிமாருக்குக் கோட்டு, கிளாக்கர்மாருக்குக் கால்சட்டை, கல்யாண வீடுகளுக்கு ரவிக்கை என்று அளவெடுத்து வர வேண்டியது அவர் வேலை. பின்னால் துணிக்கட்டு, கழுத்தில் அளவு நாடா. பசறை மேட்டையும் மடுல்சீமை மேட்டையும் அந்தக் கனத்தோடு ஏறி ஏறி அவருக்குக் கால்கள் இரும்பாகிவிட்டன. அந்தக் கால்களை ஆண்டவன் வேறு யாருக்காவது கொடுத்திருக்கக் கூடாதா?

ஒருநாள் ஒரு பெரிய கங்காணி கடைக்குள் சூடாக வந்தார். தலையில் சிவப்புத் தலைப்பாகை, கையில் வெள்ளிப்பூண் பிரம்பு.

"மொதலாளி, ஒங்க மருமகன் என்னைய அவமானப்படுத்துறாரு."

அப்பா பதறிப்போனார். "ஏங்க, சைக்கிளை விட்டு எறங்கலீங்களா?"

"எறங்குறாரே, அதாங்க ரோதனை! எனக்கும் எறங்குறாரு, எங்க லயத்துல வாசக் கூட்டுறவளுக்கும் எறங்குறாரு. அப்புறம் எனக்குன்னு என்னா மரியாதை இருக்கு? சொல்லுங்க!"

அப்பா மச்சானைக் கூப்பிட்டுக் காய்ச்சினார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு, கங்காணியாரிடம் பவ்வியமாகச் சொன்னார்: "அப்ப ஒங்களுக்கு ரெண்டு தடவை எறங்கட்டுங்களா?"

கேலி செய்கிறார் என்று நான் நினைத்தேன். கேலியே இல்லை. அடுத்த வாரம் அந்தத் தோட்டத்து ரோட்டில் கங்காணியாரைக் கண்டதும் இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். கங்காணியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

கங்காணியைக் குளிர்வித்தது சரி. வீட்டில் காத்திருக்கிறவள் கதி? சாயங்காலம் வர வேண்டியவர் விளக்கு வைத்துச் சோறு ஆறிய பிறகுதான் வருவார். மேட்டில் ஏறத் தாமதமில்லை, இறங்கித்தான் தாமதம். அக்கா முணுமுணுப்பாள்.

"ஊரு சனத்துக்கெல்லாம் எறங்குறாரு. எனக்கு ஒரு நாளு எறங்கியிருப்பாராடா?"

"நீ என்னைக்கு ரோட்டுல நின்ன, அவரு எறங்குறதுக்கு?" என்றேன் நான். கடை முதலாளி வீட்டுப் பெண்கள் ரோட்டில் நிற்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அக்கா சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவரோடு சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகிற தண்டனையை அனுபவித்தவன் நான் ஒருவன்தான். அவர் இறங்கினால் நானும் இறங்க வேண்டும். அவர் ஏறினால் நான் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள வேண்டும். ஒருமுறை லுணுகலைக்கு அப்படிப் போகும்போது எதிரில் ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்சாதி, தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. வெள்ளைக்காரன் குதிரையில் வந்தால் தோட்டத்து ஜனங்கள் ரோட்டை விட்டு ஓரத்துக் கானுக்குள், தண்ணீர் ஓடுகிற அந்தக் கானுக்குள், இறங்கி நின்று வழிவிட வேண்டும். அந்தப் பழக்கத்தில் சைக்கிளைக் கண்டதும் அவர்கள் காலைக் கானுக்குள் வைக்கப் போனார்கள். மச்சான் பிரேக்கைப் பிடித்த வேகத்தில் நான் துணிக்கட்டோடு கீழே விழுந்தேன்.

"எறங்காதீங்க! எறங்காதீங்க! நாந்தான் எறங்கிட்டேன்ல!" என்று கத்திக்கொண்டே அவர் அவர்களிடம் ஓடினார். விழுந்து கிடந்த என்னைத் தூக்க ஆளில்லை.

நான் வாயில் வந்தபடி திட்டினேன். அவர் துணிக்கட்டைத் தட்டித் தட்டிக் கட்டினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எங்கப்பா ரோட்டுல நடந்து நான் பாத்ததே இல்ல மாப்ளே. எப்பப் பாத்தாலும் கானுக்குள்ளதான். காலு ஊறி வெடிச்சுக் கெடக்கும்."

எனக்கு முழங்கை சிராய்த்து எரிந்துகொண்டிருந்தது. "இருட்டப் போவுது, ஏறுங்க" என்றேன்.

இந்த மனிதருக்குத்தான் பந்தய ஆசை வந்தது.

சீமையிலிருந்து மூன்று பேர் கப்பலில் கொழும்புக்கு வந்திருக்கிறார்கள், சைக்கிள் மிதிப்பதுதான் அவர்களுக்குத் தொழிலே என்று செய்தி வந்தது. உத்தியோகம், வியாபாரம் எதுவும் கிடையாதாம். மிதித்தே சாப்பிடுகிறார்களாம். அவர்களோடு கொழும்பில் ஒரு பந்தயம். நம் பக்கத்து ஆட்கள் யாரும் நேராகப் போய் அதில் நிற்க முடியாது. ஆசைக்கு ஓட்டுகிறவர்களை வைத்து ஒவ்வொரு மாகாணத்திலும் முதலில் ஒரு பந்தயம். ஊவாவுக்குப் பதுளையில் தொடங்கிப் பண்டாரவளையில் முடிகிற மலையேற்றம். அதில் முதல் இரண்டு இடம் பிடிக்கிறவர்கள் மட்டும் கொழும்புக்குப் போகலாம். ரயில் பதுளைக்கு வராத காலம் அது, பண்டாரவளையோடு நின்றுவிடும். பந்தயம் முடிந்த கையோடு அங்கேயே ரயிலேறிவிடலாம் என்று ஏற்பாடு.

மச்சான் அந்த மூவரின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினார். கோட்டுக்கு அளவெடுக்கிற கண்ணால் அதைப் பார்ப்பார்.

"தொடையப் பாரு மாப்ளே. இவருக்குக் கால்சட்டை தைச்சா நம்ம துணி பத்தாது. மேடு ஏறுறப்ப மூச்சை எங்க விடுறாங்க, எங்க இழுக்குறாங்கன்னு தெரியலையே. பக்கத்துல போனாத்தான் தெரியும்."

"செயிக்கணும்னு ஆசையா?"

"அவங்களை யாரு செயிக்கிறது? ஒரே ஒரு தடவை அவங்க பக்கத்துல மிதிச்சுப் பாக்கணும். தோத்தாலும் சரி."

வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் கண்டதில்லை. நல்ல மீன் வேண்டும், நல்ல வேட்டி வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. அதனால்தான் நானும் மடையன் மாதிரி இதில் தலையைக் கொடுத்தேன்.

பெயர் கொடுக்கப் போன இடத்திலேயே முதல் வினை. துரைமார் கிளப்பு வாசலில் ஒரு கிளாக்கர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சைக்கிளைத் தொழிலாக ஓட்டுகிறவர்களுக்கு இதில் இடமில்லை என்பது நிபந்தனை. அவர் தலைநிமிராமலே கேட்டார்: "சைக்கிள் ஓட்டிப் பொழைக்கிறவரா?"

"ஆமாங்க" என்றார் மச்சான். "சைக்கிள் இல்லேன்னா எனக்குப் பொழைப்பே இல்லீங்க."

கிளாக்கர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, இவரு தையக்காரருங்க! சைக்கிள்ல போயி அளவு எடுக்கிறவருங்க!" என்று முன்னால் பாய்ந்தேன்.

"அப்ப தைக்கிறவரா, ஓட்டுறவரா? ஒண்ணைச் சொல்லுங்க."

"ஓட்டாம எப்படிங்க தைக்கிறது?" என்றார் மச்சான். அரிச்சந்திரனுக்குத் தம்பி!

நல்ல வேளையாக உள்ளேயிருந்து ஒரு கிழட்டுத் துரை எட்டிப் பார்த்தார். அவர் போட்டிருந்த குதிரைச்சவாரிக் கால்சட்டை மச்சான் தைத்தது. அவர் சிரித்துக்கொண்டே கையை அசைத்தார், பெயர் பதிந்தது. வெளியே வந்ததும், "ஒரு பொய் சொன்னா ஒங்க நாக்கு வெந்துருமா?" என்று கத்தினேன். "கேட்டாரே மாப்ளே" என்றார்.

அந்த வருஷப் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாயிருக்கிறது. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துச் சின்னத்துரைமார். மச்சான் சாவகாசமாகப் பின்னால் தொடங்கினார். மேடு வந்ததும் ஒவ்வொருவராக எட்டிப் பிடித்தார். பிடித்தவர் என்ன செய்தார்? துரையைத் தாண்ட வேண்டும், உட்கார்ந்தபடி தாண்டக் கூடாது. ஆகவே சைக்கிளை விட்டு இறங்கி, "சலாம் தொரை" என்று சொல்லி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி அவரை முந்தி, கொஞ்ச தூரம் போய் மறுபடி ஏறினார். வழி நெடுக எல்லாத் துரைமாரையும் இப்படித்தான் தாண்டினாராம். ரோட்டில் வேடிக்கை பார்க்க நின்ற சனத்துக்கும் இறங்கினாராம். இவ்வளவு இறங்கியும் மூன்றாவது ஆளாகப் பண்டாரவளை மேட்டுக்கு வந்துவிட்டார் என்றால் அந்தக் கால்களை என்னவென்று சொல்ல!

கடைசி மேட்டில் நான் என் கண்ணாலேயே பார்த்தேன். முன்னால் ஒரு சின்னத்துரை நாக்குத் தள்ளப் போகிறார். மச்சான் நெருங்கினார், இறங்கினார், சலாம் போட்டார், தள்ளிக்கொண்டு ஓடினார், ஏறினார். ஏறுவதற்குள் துரை இவரைத் தாண்டிவிட்டார். மறுபடி நெருங்கினார், மறுபடி இறங்கினார், மறுபடி சலாம். சின்னத்துரைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே முடிவுக் கோட்டைத் தாண்டினார். மச்சான் மூன்றாவது. ரயில் அவரை விட்டுவிட்டுப் போனது.

"அது பந்தயம் மச்சான்! தாண்டுறதுதானே பந்தயம்!" என்று நான் நடுரோட்டில் கத்தினேன்.

"தெரியுது மாப்ளே. காலு கேக்க மாட்டேங்குது" என்றார்.

கொஞ்ச நாளில் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "டேய், அவரு தூக்கத்துல மிதிக்கிறாருடா. போர்வையெல்லாம் சுருண்டு கால்மாட்டுக்குப் போயிருது. எழுப்பிக் கேட்டா, ஒண்ணுமில்ல, கொழும்புக்குப் போயிட்டிருந்தேங்கிறாரு. நீதான்டா அவருக்கு ஒரு வழி பண்ணணும்."

அவள் அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அடுத்த வருஷமும் அந்த மூவர் வருகிறார்கள் என்று தெரிந்ததும் நான் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன்.

முதலில் துரைமார் விஷயம். தொடக்கத்திலேயே முன்னால் பாய்ந்துவிட்டால் தாண்டுவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள் அல்லவா? இதை அவருக்கு விளங்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கடைசியில் ஒத்துக்கொண்டார். "அவங்க பின்னால வந்தா அது அவங்க இஷ்டம். முன்னால வந்துட்டா எறங்குவேன்."

"அப்ப முன்னால வரவிடாதீங்க!"

அடுத்தது ரோடு. துரைமாரைப் பின்னால் விட்டுவிடலாம், ரோட்டில் நிற்கிற சனத்தை என்ன செய்வது? பதுளையிலிருந்து பண்டாரவளை வரை இவருக்குத் தெரியாத முகம் ஏது? யோசித்து யோசித்துக் கடைசியில் அந்தப் பைத்தியக்காரக் காரியத்தைச் செய்தேன். வழியிலுள்ள லயங்களுக்கெல்லாம் போய், பந்தயத்தன்று ஒருவரும் ரோட்டில் நிற்கக் கூடாது, எல்லோரும் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று கெஞ்சினேன். உலகத்தில் எந்தப் பந்தயத்துக்காவது வேடிக்கை பார்க்க வராதீர்கள் என்று யாராவது ஆள் ஆளாய்ப் போய்ச் சொல்லியிருக்கிறார்களா?

யாரும் சிரிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். ஹாலிஎல பக்கத்தில் கொழுந்தெடுக்கிற பெண் ஒருத்தி, "எங்க தையக்கார ஐயாவுக்குங்களா? நாங்க தேயிலைக்குள்ள குந்திக்கிறோம். புள்ளைங்க வாயையும் பொத்திக்கிறோம். அவரைத் திரும்பிப் பாக்காம போகச் சொல்லுங்க" என்றாள். ரோட்டோரத்துப் பிள்ளையார் கோயில் பூசாரியிடம் தயங்கித் தயங்கிப் போனேன். சாமியை எங்கே ஒளிக்கிறது? அவர் யோசித்துவிட்டு, "அலங்காரத்துக்குப் போடுற மாதிரி திரை போட்டுர்றேன். திரை போட்டா தரிசனம் இல்ல. தரிசனம் இல்லேன்னா எறங்க வேண்டியதில்ல" என்றார். சாமிக்கும் மச்சானுக்கும் பொதுவாக ஒரு தீர்ப்பு.

சிவப்புத் தலைப்பாகைக் கங்காணியாரிடம்தான் பயந்துகொண்டே போனேன். அவர் மீசையைத் தடவினார். "நான் ஒருத்தன் ரோட்டுல நின்னா அவரு பந்தயமே போயிருமுங்கிறீங்க?"

"ஆமாங்க. அதுவும் ஒங்களுக்குன்னா ரெண்டு தடவை எறங்குவாரு."

"ம்ம்" என்று நிமிர்ந்தார். "அப்ப நானும் ஒளிஞ்சுக்கிறேன்."

அக்காவிடம் புளிச்சோறு கட்டிக்கொண்டு, மச்சானின் மாற்று உடுப்போடு முதல்நாளே மாட்டு வண்டியில் புறப்பட்டுப் பண்டாரவளை ஸ்டேஷனில் போய் இருக்கச் சொன்னேன். கொழும்பு ரயிலில் அவர் சாப்பிட வேண்டுமே! அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

பந்தயத்தன்று நான் பண்டாரவளைக் கடைத்தெரு முனையில், கோடு போட்டிருந்த இடத்தில் நின்றேன். வழியில் நடந்ததெல்லாம் பின்னால் கேள்விப்பட்டது. மச்சான் துப்பாக்கி வெடித்ததும் பாய்ந்தாராம். ஹாலிஎலயில் ஒரு ஈ காக்கை இல்லையாம். தேயிலைச் செடிகளுக்குள் நூற்றுக்கணக்கில் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்ததாம். பிள்ளையாருக்குத் திரை. கங்காணியார் மட்டும் குனிந்து குனிந்து பார்த்தும் தலைப்பாகை செடிக்கு மேலே தெரிந்ததாம். மச்சான் பிரேக்கில் கை வைத்துவிட்டாராம். பக்கத்திலிருந்த பெண்கள் கங்காணியாரின் கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்ததில், மச்சான் தைத்த தோள்பட்டை பிரிந்தேபோனதாம். பெரிய கங்காணி மேல் கூலிப் பெண்கள் கை வைத்தது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை. அதற்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

தெமோதரை தாண்டி, மேடெல்லாம் தாண்டி, கடைசித் திருப்பத்தில் மச்சான் தனியாக வருவதை நான் பார்த்தேன். அவர் பின்னால் ஒருவரையும் காணோம். வெகு கீழே இரண்டு வெள்ளைத் தொப்பிகள் புள்ளியாய்த் தெரிந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வாங்க மச்சான்! வாங்க!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்ற துரைசானி காதைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் கோட்டுக்குக் கீழே ரோட்டில் அக்காவைப் பார்த்தேன்.

வண்டிச் சக்கரம் வழியில் கெட்டு, அவளும் வண்டிக்காரரும் ராத்திரி அங்கேயே தங்கிவிட்டார்களாம். காலையில் பந்தயத்துக்காக வண்டிகளைக் கீழேயே மறித்துவிட்டார்கள். ரயில் புறப்படுவதற்குள் சோறு போய்ச் சேராதே என்று அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நடந்தே வந்திருக்கிறாள். பிறந்ததிலிருந்து ரோட்டில் நிற்காத என் அக்கா, நிற்கக் கூடாத அன்றைக்கு, நிற்கக் கூடாத இடத்தில் நின்றாள். ஒரு பக்கம் செங்குத்தான மண்மேடு, மறுபக்கம் பள்ளம். ஒளிய ஒரு செடி கிடையாது. சைக்கிளைக் கண்டதும் பதறி இங்குமங்கும் பார்த்தாள். சோற்று மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கானுக்குள் இறங்கிவிட்டாள். முதல்நாள் மழைத் தண்ணீர் அவள் முழங்கால் வரை ஓடியது.

"நான் யாருமில்ல! போங்க! நான் யாருமில்ல, நீங்க போங்க!" என்று அவள் கத்தியது எனக்குக் கேட்டது.

மச்சான் இறங்கிவிட்டார்.

சைக்கிளைச் சாத்தி வைக்கக்கூட இல்லை, அப்படியே ரோட்டில் போட்டார். கானோரம் போய்க் கையை நீட்டினார். அவள் கையைத் தட்டிவிட்டு ஒரு கையால் கும்பிட்டாள். "ஐயோ, வர்றாங்க! ஏறிப் போங்க! கொழும்புக்குப் போக வேணாமா?"

"நீ மொதல்ல மேல வா."

முதல் வெள்ளைத் தொப்பி அவர்களைக் கடந்தது. நான் மேலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன்: "ஏறுங்க மச்சான்! ஒருத்தர்தான் போயிருக்காரு! இன்னும் எடமிருக்கு, ஏறுங்க!" அவர் திரும்பவே இல்லை. கானுக்குள் ஒரு காலை வைத்து அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். அவள் ரோட்டில் கால் வைத்தபோது இரண்டாவது தொப்பியும் போய்விட்டது. பிறகு அவர் சைக்கிளை நிமிர்த்தி, ஒரு கையால் அதைத் தள்ளிக்கொண்டு, அவளை ரோட்டின் நடுவில் விட்டுத் தான் ஓரமாக நடந்து, கோட்டைத் தாண்டினார். மறுபடியும் மூன்றாவது.

நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். மரியாதையெல்லாம் போய்விட்டது. "பொண்டாட்டிதானே மச்சான்! வீட்டுல போயி நூறு தடவை எறங்கியிருக்கலாமே! இதுக்காகவா இவ்வளவு சனம் முள்ளுலயும் அட்டையிலயும் குந்தியிருந்துச்சு?"

அவர் கொழும்பு ரயில் நிற்கிற பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"கானுக்குள்ள நின்னா மாப்ளே" என்றார்.

சின்னத்துரைமார் இருவரும் ரயிலேறிப் போனார்கள். கொழும்பில் அந்த மூவரிடமும் படுதோல்வி, ஒருவர் பாதியிலேயே நின்றுவிட்டாராம். மேடு ஏறும்போது மூச்சை எங்கே விடுகிறார்கள் என்று அவர்களில் யாராவது கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்களா? எங்கே! மச்சான் சாகும்வரை அது அவருக்குத் தெரியாது. அதற்கப்புறம் அந்த மூவர் இலங்கைப் பக்கம் வரவும் இல்லை.

ரயிலுக்குக் கட்டிய புளிச்சோற்றை மூவரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து தின்றோம். கீழே மறித்திருந்த வண்டி மேலே வந்ததும் அக்காவும் நானும் அதில் ஏறினோம். பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் பெரும்பாலும் இறக்கம். சைக்கிளில் உட்கார்ந்தால் போதும், அதுவே போய்விடும். அந்த இறக்கத்தில் அந்த மனிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வண்டியோடு வண்டியாக நடந்து வந்தார்.

"எறக்கம் மச்சான்! மிதிக்கக்கூட வேணாம்! ஏறித் தொலைங்களேன்!"

"வண்டியில அவ இருக்காள்ல" என்றார்.

தேயிலைக்குள்ளிருந்து சனம் எழுந்து எழுந்து வந்தது. "செயிச்சாச்சுங்களா ஐயா?" என்று கேட்டது. "மூணாவதா வந்தேங்க" என்று ஒவ்வொருவரிடமும் நின்று நின்று சொன்னார். ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் வண்டியிலிருந்தபடியே நடந்ததைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்கள். தோள் பிரிந்த கோட்டோடு நின்ற கங்காணியார், அக்காவின் வண்டி தாண்டும்வரை தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஹாலிஎல வரும்வரை நான் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தேன். "நீ கொஞ்சம் சும்மா வாடா" என்றாள் அக்கா. சேலையில் கான் சேறு காய்ந்து அப்பியிருந்தது. அதைத் தட்டிவிடாமல், வண்டியின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.